டான்யூப் கரையில் ஒரு வெள்ளிக் குதிரை

நாள் 1: வியன்னா

விமானம் காலை ஆறரைக்கே இறங்கிவிட்டது. ஊருக்குள் போகும் புறநகர் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எண்ணெய் ஆலை, சரக்குக் கொட்டகைகள், பெரிய கல்லறைத் தோட்டம் என்று வரிசையாக வந்தன. ஊர் சுற்ற வருபவர்கள் இந்தப் பக்கம் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. நான் கண்ணை எடுக்கவில்லை. இந்த வட்டாரத்துக்குச் சிம்மரிங் என்று பேர். 19ஆம் நூற்றாண்டில் இங்கே மண்ணுக்கடியில் கெல்ட் மக்களின் சின்னஞ்சிறு வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் குதிரை. அந்த மாதிரிக் காசு எங்கே கிடைத்தாலும் சிம்மரிங் வகை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்தப் பயணம் முழுக்க அந்தக் குதிரைக்காகத்தான். வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட். மூன்று தலைநகரங்கள், ஒரே ஆறு. ரோமானியர் வருவதற்கு முன்னால் இந்த டான்யூப் கரையில் கெல்ட் இனக்குழுக்கள் சுமார் 300 ஆண்டுகள் ஓங்கி இருந்தார்கள். அவர்கள் புத்தகம் எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதி வைத்தது கிரேக்கரும் ரோமரும், அதாவது அவர்களோடு சண்டை போட்டவர்கள். அவர்கள் கையாலேயே செய்து, அவர்கள் பார்வையை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பவற்றில் இந்தக் காசுகள்தான் எனக்கு முதல்.

பையில் அப்பாவின் பூதக்கண்ணாடி இருக்கிறது. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பொற்கொல்லர் கண்ணாடி. கோயம்புத்தூரில் நாற்பது வருஷம் பட்டறை வைத்திருந்தார். இப்போது பார்வை மங்கிவிட்டது, பட்டறை இல்லை. கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "எதப் பாத்தாலும் போட்டோ எடுத்து அனுப்பு கண்ணு, பெரிசு பண்ணிப் பாத்துக்கறேன்" என்றார்.

மதியம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கப் பகுதியில் கிடைத்த வெண்கலச் சாமான்கள், வாள்கள், உடுப்பில் குத்தும் ஊசிகள். பயணக் களைப்பில் பாதி மனசில் பதியவில்லை. ஒன்று மட்டும் நின்றது. அடுத்து வந்த லா டெனே என்ற கெல்ட் காலத்துப் பொருட்களில் கோடு நேராகப் போக மறுக்கிறது. கிளம்பினால் வளைகிறது, வளைந்தால் சுருள்கிறது, சுருளின் நுனியில் ஒரு கண்ணோ அலகோ முளைக்கிறது. செடியா மிருகமா என்று சொல்ல முடியாது. நாளைக்குக் காசுகளைப் பார்க்கும்போது இந்தக் கோட்டை மறக்கக் கூடாது என்று குறித்துக்கொண்டு தூங்கப் போகிறேன்.

நாள் 2: வியன்னா

எதிர்க் கட்டடம், கலை வரலாற்று அருங்காட்சியகம். முதல் தளத்தில் புரூகல் ஓவியங்களுக்கு முன்னால் கூட்டம் நெரிகிறது. இன்னொரு மாடி ஏறினால் நாணயப் பிரிவு. 18ஆம் நூற்றாண்டில் யோசஃப் எக்கெல் என்பவர் பழங்கால நாணயங்களை ஊர்வாரியாக வகைப்படுத்தி ஒழுங்கு செய்தது இந்தத் தொகுப்பை வைத்துத்தான். நாணயவியல் என்ற துறைக்கே அவரைத் தந்தை என்கிறார்கள். நான் போனபோது ஒரு காவலரும் ஒரு வயதான தம்பதியும்தான் இருந்தார்கள்.

முதலில் மூலத்தைப் பார்த்துவிடலாம் என்று மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் வெள்ளிக் காசுக்கு முன்னால் நின்றேன். அலெக்சாந்தரின் அப்பா. காசு டெட்ராட்ராக்ம், அதாவது நாலு டிராக்மா காசு, 14 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. முன்பக்கம் ஜீயஸ். நெற்றியைச் சுற்றி லாரல் இலை மாலை, அலை அலையாகத் தாடி, கண் இமைகூடத் தெரிகிறது. பின்பக்கம் பந்தயக் குதிரை மேல் ஒரு பையன், கையில் வெற்றிக்கான பனையோலை. சுற்றிலும் கிரேக்க எழுத்தில் "பிலிப்புடையது" என்று பொருள்படும் ஒரே சொல். கி.மு. 356இல் பிலிப்பின் குதிரை ஒலிம்பியாவில் ஜெயித்தது. அதே நாளில் படை வென்ற செய்தியும் மகன் பிறந்த செய்தியும் அவருக்கு வந்தன என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்தக் குதிரையைத்தான் அவர் காசில் ஓடவிட்டார்.

பிலிப்பிடம் பாங்கையோன் மலைப் பக்கத்துச் சுரங்கங்கள் இருந்தன. வெள்ளிக்குக் குறைவில்லை. அவர் செத்த பிறகும் பல பத்தாண்டுகள் அவர் பேரிலேயே காசு அடித்தார்கள். அந்தப் பகுதி அரசர்களின் படைகளில் கெல்ட் வீரர்கள் கூலிக்குச் சண்டை போட்டார்கள். கூலி வெள்ளியில். கி.மு. 279இல் படையாகவே திரண்டு போய் மாசிடோனிய அரசர் தாலமி கெரானோஸைப் போரில் கொன்று, டெல்ஃபி வரை போனார்கள். கூலியோ, கொள்ளையோ, வணிகமோ, பிலிப்பின் குதிரை இப்படித்தான் வடக்கே டான்யூப் கரைக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் அவர்களே அடிக்க ஆரம்பித்தார்கள்.

பக்கத்துப் பேழையில் வரிசையாக அவர்களுடைய காசுகள். இந்த வரிசைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.

தொடக்க காலக் காசுகள் மூலத்தை ஒட்டியே இருக்கின்றன. ஜீயஸ் ஜீயஸ்தான், பையன் பையன்தான். எழுத்துதான் முதலில் போகிறது. வாசிக்கத் தெரியாதவர் கை பார்த்துச் செதுக்கினால் எழுத்தும் ஒரு கோலம்தானே? இரண்டு கோடு, ஒரு வட்டம், ஒரு புள்ளி. காசு அடிக்கும் அடுத்த அச்சு மூலத்தைப் பார்த்துச் செய்ததல்ல, இந்த நகலைப் பார்த்துச் செய்தது. அதற்கடுத்தது அந்த நகலின் நகல். மூன்று, நான்கு தலைமுறையில் லாரல் மாலை தலையைப் பாதி மூடும் பட்டையாகிவிடுகிறது. தாடி, புள்ளி வரிசையாகிறது. முடி, அடுக்கி வைத்த பிறை நிலாக்கள். கன்னம் உருண்டு திரண்டு ஒரு பந்தாக நிற்கிறது.

குதிரை மேலிருந்த வீரன் கதி இன்னும் விசேஷம். ஒரு வகையில் அவன் இடுப்புக்கு மேலே கிளைவிட்ட மரம் மாதிரி இருக்கிறான். இன்னொன்றில் பொம்மை. இன்னொன்றில் பின்னல் மட்டும் நீளமாகப் பறக்கிறது. வேறொன்றில் ஆளே இல்லை. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் பிங்க் 1939இல் இவற்றையெல்லாம் வகைபிரித்தார். மர வீரன், பொம்மை வீரன், பின்னல் வீரன், பந்துக் கன்னம், மோவாய் இல்லாதவன், அலகுக் குதிரை என்று பொருள் தரும் ஜெர்மன் பேர்கள் இன்றும் ஆய்வாளர்களிடம் புழங்குகின்றன. அரசர் பேர் தெரியாது, ஊர்ப் பேர் தெரியாது. அதனால் கண்ணுக்குப் பட்டதே பேராகிவிட்டது. எனக்கு அந்தப் பேர்கள் பிடித்திருக்கின்றன.

வீரன் தேயத் தேயக் குதிரை வளர்கிறது. கழுத்து வில்லாக வளைகிறது. முகம் பறவையின் அலகாக நீள்கிறது. கால்கள் தனித்தனிக் கம்பிகளாகி, மூட்டுக்கு மூட்டு ஒரு குண்டு உட்கார்ந்திருக்கிறது. நேற்றுப் பார்த்த அந்த வளைகோடு இங்கே வந்துவிட்டது.

பழைய பட்டியல்களில் இவற்றைக் "காட்டுமிராண்டி நகல்" என்று எழுதுவார்கள். கிரேக்கனைப் போலச் செய்யப் பார்த்து, கை வராமல் கெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஏழெட்டுப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊரில் சாயங்காலம். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, இதக் கை தெரியாதவன் செஞ்சான்னு எவன் சொன்னான்?"

"புத்தகத்துல போட்டிருக்குதுங்கப்பா."

"அச்ச எப்படி வெட்டறதுன்னு அத எழுதுனவங்களுக்குத் தெரியாது போல. குதிரை கால்ல குண்டு குண்டா இருக்குதில்ல? அது அச்சுல குழி. உருண்ட மொனை உளிய வெச்சு ஒரே தட்டு. மொதல்ல குழியெல்லாம் போட்டுக்குவான். முட்டி எங்க, குளம்பு எங்க, தோள் எங்கன்னு. அப்பறம் குழிக்குக் குழி கோடு இழுப்பான். உங்கம்மா புள்ளி வெச்சு கோலம் போடறாப்ல. புள்ளி தப்புனா கோலம் தப்பும். இங்க ஒரு புள்ளி தப்பல பாரு."

திரும்பப் போய்க் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். பேழைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து அவ்வளவு கிட்டப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் தெரிந்தது. முன்கால் மூட்டுக் குண்டும் பின்கால் மூட்டுக் குண்டும் ஒரே அளவு, ஒரே உளி. கோடு ஒரு குண்டில் தொடங்கி அடுத்த குண்டில் சரியாக முடிகிறது. எங்கும் தடுமாற்றமில்லை. இது அச்சில் தலைகீழாக, இடவலம் மாற்றி வெட்டப்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 25 மில்லிமீட்டர் இடத்துக்குள் ஓடுகிற குதிரையை எட்டுப் புள்ளி, பத்துக் கோட்டில் நிறுத்தியிருக்கிறார்.

ஜீயஸ் யாரென்று இவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒலிம்பியாவும் தேவைப்படவில்லை. குதிரை தேவைப்பட்டது. அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தங்கள் கைக்குப் பழகிய வளைவாக மாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இது.

நாள் 3: பிராட்டிஸ்லாவா

வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். இரண்டு நாட்டுத் தலைநகரங்கள் இவ்வளவு பக்கத்தில் இருப்பது ஆச்சரியம்தான்.

இது கி.மு. முதல் நூற்றாண்டில் போயி என்ற கெல்ட் இனக்குழுவின் கோட்டை நகரம். இன்றைய கோட்டை நிற்கும் குன்றும் அதன் கீழுள்ள பழைய ஊரும் அப்போதே ஊர்தான். பழைய நகரில் அஸ்திவாரம் தோண்டும்போது பல தடவை புதையல் கிடைத்திருக்கிறது. அதில் வந்த பெரிய வெள்ளிக் காசுகள்தான் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. பேர் பியாடெக்.

சந்தைக் கடை ஒன்றில் பழைய ஸ்லோவாக் ஐந்து கொருனா காசு ஒன்றை ஒரு யூரோவுக்கு வாங்கினேன். 1993இல் நாடு தனியாகப் பிரிந்தபோது வெளியிட்டது. குதிரை வீரன் பாய்கிறான், கீழே பியாடெக் என்ற எழுத்து. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய காசையே புது நாட்டின் காசில் பொறித்திருக்கிறார்கள். 2009இல் யூரோ வந்ததும் கொருனா போய்விட்டது. இந்த நாட்டு மைய வங்கி தன் பத்திரிகைக்கும் பியாடெக் என்றே பேர் வைத்தது.

ஏன் இவ்வளவு பெருமை என்றால், இந்த மண்ணில் எழுதப்பட்ட மிகப் பழைய எழுத்துகளில் இவை சேர்ந்தவை. வியன்னாவில் பார்த்த காசுகள் ஊமை. எழுத்து இருந்த இடத்தில் கோடும் புள்ளியும்தான். இங்கே காசு பேசுகிறது. இலத்தீன் பெரிய எழுத்தில், திருத்தமாக, ஒரு மனிதரின் பேர். பியாடெக்கோடு சேர்த்து மொத்தம் 14 பேர்கள் கிடைத்திருக்கின்றன. நொன்னோஸ், டெவில், ஐனோரிக்ஸ், ஃபாரியாரிக்ஸ். அரசர்களா, குறுநிலத் தலைவர்களா, காசடிக்கும் பொறுப்பிலிருந்த பெரிய மனிதர்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேரின் கடைசியில் வரும் "ரிக்ஸ்" கெல்ட் மொழியில் அரசன். இலத்தீன் "ரெக்ஸ்", சமஸ்கிருத "ராஜன்" எல்லாம் ஒரே வேர். ஆக நாம் நாள்தோறும் சொல்லும் ராஜாவுக்கு அந்தக் காசில் ஒரு தூரத்துப் பங்காளி இருக்கிறார்.

காசு கனமானது. 17 கிராம் வரை, நல்ல வெள்ளி. முன்பக்கம் சில காசுகளில் இரண்டு தலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினாற்போல், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று சந்தேகமில்லாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கி.மு. 70ஆம் ஆண்டளவில் ரோமில் கலேனஸ், கோர்டஸ் என்ற இரண்டு அதிகாரிகள் அடித்த தினாரியஸ் காசில் ஹோனோஸ், விர்ட்டூஸ் என்ற தெய்வங்களின் தலைகள் இப்படித்தான் சேர்ந்திருக்கின்றன. கௌரவமும் வீரமும். அதைப் பார்த்துச் செய்ததால், பியாடெக் காசு அந்த வருஷத்துக்குப் பிந்தியது என்றும் ஆகிவிடுகிறது. படம் ஒரு தேதிச் சீட்டு மாதிரி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ரோமானியத் தினாரியஸ் நாலு கிராம்கூட இல்லை. அதன் படத்தை எடுத்தவர்கள் அதன் எடையை எடுக்கவில்லை. தங்கள் ஊரில் பழகிய பெரிய காசின் எடையையே வைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கினார்கள். பின்பக்கம் ரோமைப் பார்க்கவும் இல்லை. பாயும் குதிரை வீரன் ஒன்றில், இன்னொன்றில் காட்டு மிருகம், இன்னொன்றில் கதைகளில் வரும் விலங்கு. முன்பக்கம் ரோம், பின்பக்கம் போயி.

ஆனாலும் மனசில் ஒன்று உறுத்துகிறது. வியன்னாக் குதிரைக்கும் இந்தக் குதிரைக்கும் நடுவே ஏதோ போயிருக்கிறது. இங்கே குதிரைக்குத் தசை வந்துவிட்டது, கால் சரியான இடத்தில் மடங்குகிறது. ஆனால் கோடு சுருண்டு ஓடவில்லை. பேர் எழுத வேண்டிய காசில் செதுக்குபவர் அடங்கிக்கொள்கிறாரோ? இராத்திரி அப்பாவிடம் கேட்டேன். "பேரு போட்ட தாலிக்கும் சும்மா தாலிக்கும் வித்தியாசம் இருக்குதில்ல கண்ணு. பேரு போட்டா ஆசாரிக்குப் பயம் வந்துரும்" என்றார்.

நாள் 4: கோட்டையும் டெவினும்

காலையில் கோட்டைக் குன்று. 2008 முதல் இங்கே நடந்த அகழாய்வில், குளிர்காலக் குதிரைப் பயிற்சிக் கூடம் இருக்கும் இடத்துக்கு அடியில் ரோமானிய முறையில் கட்டிய தளம் வெளிப்பட்டது. கெல்ட் தலைவர்களுக்காக, ரோமானியர் டான்யூப் கரைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தெற்கிலிருந்து கொத்தனார்களை வரவழைத்துக் கட்டியிருக்கிறார்கள். தளத்தில் பொன், வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. காசில் ரோமானியத் தலை, வீட்டில் ரோமானியத் தரை. ஒரு நாகரிகத்தின் மேல் ஆசை வந்தால் எல்லாவற்றிலும் வரும் போல.

அந்த ஆசை நீடிக்கவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் கிழக்கிலிருந்து புரெபிஸ்டா என்ற டாசிய மன்னரின் படை வந்து போயி இனத்தை நொறுக்கியது. மண்ணுக்குள் வைத்த காசுகளை எடுக்க ஆள் வரவில்லை.

கெல்ட் நகரங்களில் கிடைத்த களிமண் தட்டுகளின் படம் ஒன்றையும் இன்று அப்பாவுக்கு அனுப்பினேன். பணியாரச் சட்டி போலக் குழி குழியாக இருக்கும். குழி ஒவ்வொன்றிலும் அளந்த உலோகத்தைப் போட்டு உருக்கினால் ஒரே எடையில் உருண்டைகள் கிடைக்கும். அதைத் தட்டி வில்லையாக்கி, இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். கீழ் அச்சு பட்டடையில் பதிந்திருக்கும், மேல் அச்சு கையில். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வெள்ளி உருகுனா தானா உருண்டையாயிரும் கண்ணு, குழி சும்மா அதப் புடிச்சுக்கறதுக்குத்தான்" என்றார். பட்டறையில் கரித்தூளில் வெள்ளிக் குண்டுமணி உருக்கும்போது நானும் பார்த்திருக்கிறேன். சின்னத் துண்டு சிவந்து, சட்டென்று குறுகி, முத்துப் போல நடுங்கி நிற்கும்.

பிற்பகல் டெவின். நகரப் பேருந்திலேயே போய்விடலாம். மொராவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்தில் செங்குத்தான பாறை, மேலே 1809இல் நெப்போலியன் படை வெடிவைத்துத் தகர்த்த கோட்டை. பாறையில் கெல்ட் காலத்திலும் குடியிருப்பு இருந்தது. இரண்டு ஆற்று நீரும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கம் பக்கமாகப் போகின்றன.

இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் கி.மு. 335இல் அலெக்சாந்தரிடம் கெல்ட் தூதர்கள் வந்தார்கள். உலகத்திலேயே நீங்கள் அதிகம் பயப்படுவது எதற்கு என்று கேட்டாராம். உமக்குத்தான் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தார். வானம் எங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது, அதற்குத்தான் என்றார்களாம். கூட இருந்த தளபதி தாலமி (கெரானோஸ் அல்ல, வேறு தாலமி) எழுதியதாக இது வந்திருக்கிறது. அந்தத் தூதர்களின் பேரப்பிள்ளைகள்தான் அலெக்சாந்தரின் அப்பா விட்ட குதிரையைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று நினைத்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது. சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ் உள்ள அலெக்சாந்தர் காசையும் அவர்கள் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் குதிரை பிடித்த இடத்தை அது பிடிக்கவில்லை.

நாள் 5: ரயிலில்

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. ரயில் ஒரு மணி நேரம் தாமதம், நிலையத்தில் மழை, ஆறிப்போன காபி. எல்லை தாண்டியதும் டான்யூப் வலப்பக்கம் வந்து சேர்ந்துகொண்டது. விசெக்ராட் பக்கம் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் மலைமேல் கோட்டை தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி எனக்காக ஜன்னலைத் துடைத்துவிட்டார். புடாபெஸ்டில் இறங்கும்போது இருட்டிவிட்டது.

நாள் 6: புடாபெஸ்ட்

காலையில் கெல்லெர்ட் குன்று ஏறினேன். கீழே பாலங்கள், எதிரே சமவெளியாகப் பெஸ்ட். இந்தக் குன்றின் மேல் எரவிஸ்கி என்ற கெல்ட் இனக்குழுவின் கோட்டைக் குடியிருப்பு இருந்தது. அடிவாரத்துத் தாபான் பகுதியில் அவர்களுடைய குயவர் சூளைகள் கிடைத்திருக்கின்றன. ரோமானியர் வந்து பானோனியா மாகாணத்தை உருவாக்கி, வடக்கே அக்வின்கும் நகரைக் கட்டிய பிறகும் இந்த மக்கள் இங்கேதான் வாழ்ந்தார்கள். பெண்கள் தங்கள் பழைய உடையை விடவில்லை என்று கல்லறைச் சிற்பங்கள் காட்டுகின்றன.

அப்புறம் தேசிய அருங்காட்சியகம். 1802இல் பிரபு செச்சேனி ஃபெரென்ட்ஸ் தன் நூலகத்தோடு நாணயத் தொகுப்பையும் நாட்டுக்குக் கொடுத்ததில் தொடங்கியது. ஒரு தேசத்தின் அருங்காட்சியகம் காசுப் பெட்டியிலிருந்து தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஆனால் இன்றைய நாள் ஒரு சின்னக் கடையில்தான் நடந்தது. பழைய காசு விற்கும் கடை, சந்துக்குள். எழுபது வயதுப் பெரியவர். வாங்க வரவில்லை, பார்க்கத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மண்ணிலிருந்து களவாக எடுத்த புதையல்களைப் பிரித்துப் பிரித்து விற்பதால், எது எதோடு கிடைத்தது என்ற தகவலே அழிந்துபோகிறது. குவியலாகக் கிடைத்த காசு ஒரு வரலாற்று ஆவணம். தனியாகப் பிரித்துவிட்டால் அழகான வெள்ளித் துண்டுதான். அதனால் நான் வாங்குவதில்லை என்றேன். அவர் தலையசைத்தார். தன் தட்டில் இருப்பவை பழைய தொகுப்புகளிலிருந்து ரசீதோடு வந்தவை என்று அட்டைகளைக் காட்டினார். என் கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, மெத்தை விரித்த தட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

முதலில் எரவிஸ்கி தினாரியஸ். கையில் வைத்தால் காற்று மாதிரி, மூன்று கிராம் சொச்சம். கி.மு. 76 வாக்கில் லெண்டுலஸ் என்ற ரோமானிய அதிகாரி அடித்த காசின் நகல். முன்பக்கம் ரோம் மக்களின் காவல் தெய்வம். பின்பக்கம் மாலை சுற்றிய செங்கோல், பூமி உருண்டை, கப்பலின் சுக்கான். நிலமும் நீரும் ரோமுக்கு என்ற அர்த்தம். எழுத்து மட்டும் வேறு. ரோமானியப் பேருக்குப் பதில் "ராவிஸ்" என்று தங்கள் இனத்தின் பேர்.

கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன். சுத்தமான வேலை. சுக்கான் சுக்கானாகவே இருக்கிறது, உருண்டை உருண்டையாக. எழுத்தை எடுத்துவிட்டால் பாதிப் பேர் இதை ரோமிலேயே அடித்தது என்பார்கள். பேர் தன்னுடையது, படம் முழுக்க அடுத்தவருடையது. பிலிப்பின் காசு வந்து சேர்ந்தபோது நடந்ததற்கு நேர் எதிர். அப்போது எழுத்தைக் கோலமாக்கிவிட்டு, படத்தைத் தங்களுடையதாக மாற்றினார்கள். இங்கே எழுத்தைத் தங்களுடையதாக மாற்றிவிட்டு, படத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ரோமானியச் சந்தையில் ரோமானியக் காசு போலவே இருந்தால்தான் செல்லும். அந்தக் கட்டாயம் புரிகிறது. புரிந்தாலும் எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. இருநூறு வருஷமாகக் கை மாறிக் கை மாறி வந்த ஒரு வளைவு இந்தக் காசில் இல்லை.

முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பெரியவர் தட்டின் மூலையிலிருந்து இன்னொரு காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பெரியது, லேசாகக் கிண்ணம் போலக் குழிந்தது, விளிம்பில் யாரோ வெள்ளியைச் சோதிக்க உளியால் வெட்டிய தழும்பு. முன்பக்கம் தேய்ந்துபோய்ப் பந்துக் கன்னம் மட்டும் மேடாக நிற்கிறது. திருப்பினேன். குதிரை.

பேழைக் கண்ணாடி இல்லாமல், முதல் தடவையாக, கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில். வீரன் இல்லை. அவன் இருந்த இடத்தில் ஒரு வளைவும் இரண்டு புள்ளிகளும். வாய் இரண்டு கோடாகப் பிளந்திருக்கிறது. கண் பெரிய குண்டு. பிடரி மயிர் முழுக்க வரிசையாகச் சின்னக் குண்டுகள், பதினொன்று எண்ணினேன். முன்கால் தூக்கி மடங்குகிறது. முட்டியில் ஒரு குண்டு, குளம்பில் ஒரு குண்டு. வயிற்றின் குறுக்கே மயிரிழை போல ஒரு மெல்லிய மேடு, பின்தொடையிலிருந்து விளிம்பு வரை ஓடுகிறது. அது என்ன அலங்காரம் என்று எனக்குப் புரியவில்லை. வாலா, கடிவாளமா?

பெரியவரிடம் அனுமதி கேட்டு, போனைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. அவ்வளவு நேரமும் போனைக் கையிலேயே வைத்துக் காத்திருந்திருக்கிறார்.

"குதிரை அழகா இருக்குது கண்ணு. அந்த இழை அலங்காரம் இல்ல. அச்சு விட்டிருச்சு. விரிசல்ல வெள்ளி ஏறி மேடா வந்திருக்குது."

"அப்பறம் அந்த அச்ச என்னங்கப்பா பண்ணியிருப்பாங்க?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. படத்தைப் பெரிசு பண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"விரிசல் இன்னும் கால் வரைக்கும் வரல. நல்ல அச்சு, தூக்கிப் போட மனசு வந்திருக்காது. இன்னும் பத்துப் பதினஞ்சு காசு அடிச்சிருப்பான்."